‘வேண்டாம்’ சொல்லும் வெர்னா

நீல டேப்பைப் பல்லால் கடித்து அறுத்துச் சமையலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறார் வெர்னா கொஸ்டியுக். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. நாலும் சேர்ந்ததும் சுவரில் ஒரு வெற்றுச் சட்டம் நிற்கிறது. மேஜைமேல் திறந்திருக்கும் லேப்டாப்பில் யாரோ ஹாலிஃபாக்ஸிலிருந்து அனுப்பிய ஓவியம். சுவரில் இருப்பது அதன் நிஜ அளவு. அங்கே ஒரு பார்வை, இங்கே ஒரு பார்வை. “இந்தப் பொட்டிக்குள்ள தபால்தலையும் போர்வையும் ஒரே சைஸு. சுவத்துல போட்டாத்தான் வண்டவாளம் தெரியும்” என்பார். பெரிய ஓவியமாக இருந்துவிட்டால் ஃப்ரிட்ஜை நகர்த்த வேண்டும். அதற்கென்றே கூட்டாளி ரோமெலுக்குப் போன் போகும்.

வெர்னாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. முப்பது வருஷம் வின்னிபெக் நாளிதழ் ஒன்றின் படப் பிரிவில் இருந்தவர். வந்து குவியும் போட்டோக்களில் மறுநாள் முதல் பக்கத்துக்கு ஒன்றைப் பொறுக்குவதுதான் வேலை. அதில் கண் வேகமாகிவிட்டது. ஓவியம் திரையில் முழுசாக வந்து சேர்வதற்குள் ‘ம்’ என்பார், இல்லாவிட்டால் ‘ம்ஹும்’ என்பார். நடுவே எதுவும் கிடையாது. டீயைப் போட்டு மறந்துவிட்டு, பச்சைத்தண்ணீர் மாதிரி ஆனபின் முகம் சுளிக்காமல் குடிக்கிற ஆள், ஓவியத்தில் மட்டும் ஒரு மயிரிழை கோணலைப் பொறுக்க மாட்டார்.

அவர் நடத்துவது ‘சைட் டோர்’ என்கிற கேலரி. பெயர்தான் கதவு. கதவும் இல்லை, சுவரும் இல்லை, இணையத்தில் மட்டும் இருக்கிறது. வின்னிபெக்கில் எல்ம்வுட் பகுதியில் உள்ள வெர்னாவின் சமையலறை அதன் ஆபீஸ். கூட்டாளி ரோமெல் டிமகுலங்கனின் கராஜ் அதன் கிடங்கு. ரோமெல் அதே நாளிதழில் பக்கம் வடிவமைத்தவர், பிலிப்பைன்ஸ்காரர். வெர்னாவை ‘ஆத்தே’ என்றுதான் கூப்பிடுவார். அவர்கள் பாஷையில் அக்கா. இணையப் பக்கத்தைக் கட்டுவது, ஓவியங்களைப் பத்திரமாகப் பொதிந்து அனுப்புவது, வெர்னா கோபத்தில் எழுதும் மெயில்களை அனுப்பாமல் வைத்திருப்பது, எல்லாம் அவர் பொறுப்பு.

வசந்தத்தில் ஒரு முறை, இலையுதிர்காலத்துக்கு முன்னால் ஒரு முறை ஓவியங்களை அனுப்பச் சொல்வார்கள். நாடு முழுவதிலுமிருந்து வரும். இன்னும் எந்தக் கேலரியும் கைவைக்காத, பெயர் வெளியே தெரியாத ஆளாக இருக்க வேண்டும். வேறு நிபந்தனை இல்லை. “வளரும் கலைஞர்னா மீசை முளைக்காத பையன்னு யாரு சொன்னது? எங்க பக்கத்துல பல்செட் கட்டின ஆளு ரெண்டு பேரு வளந்துக்கிட்டு இருக்காங்க.”

தேர்ந்தெடுக்கிற வாரத்தில் திரையின் மேல்பக்கம் ஒரு துண்டு டேப் ஏறிவிடும். பெயர், ஊர், படித்த பள்ளி எல்லாம் அதற்குள்ளே. ஓவியர்கள் தங்களைப் பற்றி எழுதி அனுப்பும் விளக்கத்தை அவர் கடைசியில்தான் படிப்பார், அதுவும் பாதி. “‘இடத்துக்கும் நினைவுக்கும் நடுவே நான் நடத்தும் உரையாடல்’னு ஒருத்தர் எழுதறார். அய்யா, நீ ஒரு குளிக்கிற தொட்டிய வரைஞ்சிருக்கே. தொட்டி நல்லா இருக்கு. உரையாடல நீயே வெச்சுக்க.” முதல் சுற்றில் தேறியவர்களிடம் போனில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வார். ஜன்னல் பக்கம், பகல் வெளிச்சத்தில், ஓவியத்தைச் சாய்த்துச் சாய்த்து, ஓரங்கள் தெரிய. வண்ணம் உண்மையில் எவ்வளவு தடிமன், ஓரத்தை எப்படி முடித்திருக்கிறார்கள், இதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

எடுத்துக்கொண்டவர்களை அப்படியே விட்டுவிடவும் மாட்டார். எப்படிப் பொதிய வேண்டும் என்று ரோமெல் தன் கராஜில் நின்று செய்துகாட்டும் வீடியோ போகும். கூடவே மூலைக்கட்டைகளும் மெழுகுத்தாளும் பார்சலில் போகும். விலை விஷயத்தில் வெர்னா ஈவிரக்கம் பார்ப்பதில்லை. சொந்தக்காரருக்குப் பாதி விலை, அடுத்தவருக்கு முழு விலை என்று யாராவது ஆரம்பித்தால் போனிலேயே காதைத் திருகிவிடுவார். முதல் ஓவியம் விற்ற சந்தோஷத்தில் மாங்க்டனில் ஒருத்தர் ஆஸ்பத்திரி வேலையை விடப் போவதாகச் சொன்னார். “விடு. விட்டுட்டு என் வீட்டுக்கு வந்துரு. ஃப்ரிட்ஜ் நகத்த ஆள் வேணும்” என்றார் வெர்னா. அவர் வேலையை விடவில்லை.

இவ்வளவும் மற்றவர்களும் செய்வதுதான். வெர்னாவிடம் மட்டும் உள்ள பழக்கம் ஒன்று உண்டு. கடைசிச் சுற்றுவரை வந்து கழிந்துபோனவர்களுக்கு அவரே போன் செய்வார். மெயில் போட மாட்டார். ‘உங்கள் படைப்புகளைக் காணும் வாய்ப்பு அளித்தமைக்கு நன்றி’ என்று ஆரம்பிக்கும் கடிதங்கள் அவருக்கு ஆகாது. போனில் முதலில் ‘கண்ணு’ என்பார். அந்த வார்த்தை வந்துவிட்டால் இல்லை என்று அர்த்தம். அப்புறம் ஏன் இல்லை என்பதைச் சொல்வார். ஓவியம் ஓவியமாக, மூலை மூலையாக. எதிர்முனையில் சிலர் அழுவார்கள், சிலர் திட்டுவார்கள், பலர் பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்வார்கள். அடுத்த முறை அனுப்பும்போது அவர்களில் பாதிப் பேருக்கு ‘ம்’ கிடைத்துவிடும். வெர்னாவுக்கு அதில் உள்ளூரப் பெருமை.

நோரீன் ஹால்டர்சன் அப்படித்தான் அவருக்குப் பழக்கமானாள். ஏரி ஓரத்தில் லுண்டார் என்கிற சின்ன ஊர். அங்கே ஹாக்கி மைதானத்தில் ஐஸை வழித்து மெழுகிவிடும் வண்டியை ஓட்டுகிறாள். மற்ற நேரத்தில் அண்ணனுடைய மாட்டுப் பண்ணையில் ஒத்தாசை. நாற்பத்தைந்து வயது, தனியாள். முதல் தடவை அனுப்பியது ஏரியும் அந்திவானமும்.

“வேணாம்னு சொல்லவா போன் பண்றீங்க? ஒரு மெயில் தட்டியிருக்கலாமே” என்றாள்.

“மெயில்ல சொன்னா உனக்கு என்னைத் திட்ட முடியாது, கண்ணு.”

நோரீன் சிரித்துவிட்டாள். “சரி சொல்லுங்க. வானத்துக்கு என்ன கேடு?”

“அது நீ பாத்த வானம் இல்ல. காலண்டர்ல பாத்த வானம்.”

“எங்க ஊர்ல வானமே அப்படித்தான் இருக்கும்.”

“அப்ப உங்க ஊர் வானத்துக்கும் புத்தி சொல்லணும்.”

இரண்டாம் தடவை குதிரைகள். குதிரைக்கு மனுஷக் கண் எதற்கு என்று கேட்டார் வெர்னா. மூன்றாம் தடவை நோரீன் அனுப்பியவற்றில் ஒரு பலகை ஓவியம். தீவனத் தொட்டியில் தலையை விட்டுத் தின்றுகொண்டிருக்கும் மாடுகள், வரிசையாக, பின்பக்கத்திலிருந்து. வெர்னா போனிலேயே சிரித்தார். “மாட்டோட பின்பக்கத்த வாங்கி யாரு வீட்டுல மாட்டுவா? சாப்பிடற ரூம்லயா? விடு அத. நீ ஓட்டற ஐஸ் வண்டி மேலேருந்து என்ன தெரியும்? ஆட்டம் முடிஞ்சு எல்லாரும் போனப்புறம்? டியூப்லைட், காலி பெஞ்சு, ஈரமான ஐஸ். அதப் போடு. ஆளே இல்லாம இருக்கணும், ஆனா ஆளுங்க இருந்தாங்கன்னு தெரியணும்.” நோரீன் சரி என்று மட்டும் சொன்னாள்.

நாலாம் தடவை மைதானம் வந்தது, ஐந்தாறு ஓவியங்களாக. ஆளில்லாத இருக்கைகள், மங்கின ஸ்கோர் பலகை, வண்டி அப்போதுதான் மெழுகிவிட்டுப்போன ஐஸில் டியூப்லைட்டின் நீளமான பிரதிபலிப்பு. டேப்பை ஒட்டி முடிப்பதற்குள்ளேயே வெர்னா ‘ம்’ என்றுவிட்டார். பெயர் மேலிருந்த துண்டைக் கிழித்ததும் கைதட்டினார். நோரீனுக்குச் சொல்வதற்கு முன்பே ரோமெலிடம் சொல்லியாயிற்று. இந்த வசந்தத்துக்கு இவள்தான் முதல் பக்கம், வாடிக்கையாளர்களுக்கு முன்னோட்டம் போகட்டும் என்று. ரோமெல் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டார். “ஆத்தே, அந்தம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போடலாமே?” “நாலு தடவை அனுப்பினவ வேணாம்னா சொல்லப் போறா?” முன்னோட்டம் போயிற்று. அன்று சாயங்காலமே டொரண்டோவிலிருந்து ஒருத்தர் இரண்டு ஓவியம் வேண்டும் என்று எழுதிவிட்டார்.

அப்புறம்தான் வெர்னா போன் செய்தார். கண்ணு என்ற பேச்சே இல்லை. “நோரீன், வந்துட்ட” என்று ஆரம்பித்தார். எதிர்முனையில் வண்டிச் சத்தம் நின்றது.

“நான் வரலீங்க” என்றாள் நோரீன்.

“ஆளு வர வேணாம். படம் வந்தா போதும்.”

“படமும் வரல. அத எடுத்துருங்க.”

“வேற கேலரி ஏதாவது கூப்பிட்டாங்களா?”

“எங்க ஊருக்கு பால் வண்டியே ஒழுங்கா வராது, கேலரி எங்க வரும்? அதில்ல. அதுங்க என்னோட படம் இல்ல. டியூப்லைட் நீங்க சொன்னது. காலி பெஞ்சு நீங்க சொன்னது. ஆள் இல்லாம ஆள் தெரியணும்கறது நீங்க சொன்னது. கைதான் என்னது. கைய மட்டும் வெச்சுக்கிட்டு கீழ பேரு எழுத எனக்குக் கூசுது.”

“பின்ன ஏன் அனுப்பின?”

“நீங்க சரின்னு சொல்றீங்களான்னு பாக்கலாம்னுதான். சொல்லிட்டீங்க. அப்பதான் எனக்கே தெரிஞ்சுது.”

வெர்னாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “இந்த ஒரு வார்த்தைக்கு எத்தனை பேரு ஏங்கறாங்க தெரியுமா உனக்கு?”

“தெரியாம என்ன? மூணு தடவை நானே ஏங்கினவதானே.”

வெர்னா போனை வைத்துவிட்டார். இதற்கு முன் எப்போதாவது போனை முதலில் அவர் வைத்ததாக ரோமெலுக்கு நினைவில்லை.

மறுநாள் மதியம் ரோமெல் வீட்டிலிருந்து வறுத்த சேமியாவும் கோழியும் கொண்டுவந்திருந்தார். வெர்னா தட்டைத் தொடவில்லை. “திமிரு. கையில கெடச்சத காலால ஒதைக்கறா. நாம இல்லாட்டி அவ இன்னும் சூரியன் முழுகறத வரைஞ்சுக்கிட்டு இருப்பா. நீ சொல்லு, அந்தப் படங்க நல்லா இருக்கா இல்லையா?”

“நல்லாத்தான் இருக்கு.”

“அப்புறம்?”

ரோமெல் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார். கேலரியில் இருந்த ஓவியங்களை எல்லாம் சிறிதாக்கி, ஒரே திரையில் நிறைய அடுக்கி, வெர்னா பக்கம் திருப்பிவிட்டார். வெர்னா அவற்றை எப்போதும் தனித்தனியாகத்தான் பார்த்திருக்கிறார், சுவரில் ஒன்று, திரையில் ஒன்றென்று. மொத்தமாகப் பார்த்ததில்லை. ரெஜைனாவிலிருந்து ஒரு சலவைக்கடை, ஆளில்லை. ஹாலிஃபாக்ஸிலிருந்து ஒரு மாடிப்படி, ஆளில்லை. மாங்க்டன்காரர் போட்ட ஆஸ்பத்திரித் தாழ்வாரம். விக்டோரியாவிலிருந்து பஸ் நிலையம். எல்லாம் சாம்பல், எல்லாம் டியூப்லைட், எல்லாவற்றிலும் யாரோ இப்போதுதான் எழுந்துபோன மாதிரி ஒரு காலி நாற்காலி. ஒவ்வொன்றும் நல்ல ஓவியம்தான். போட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

“போன வருஷம் ஒரு அம்மா மெயில் போட்டாங்க” என்றார் ரோமெல். “‘உங்க ஓவியருங்க எல்லாரும் ஒரே வீட்டுல குடியிருக்காங்களா’ன்னு. தமாஷுக்குக் கேக்கறாங்கன்னு நெனச்சு நன்றின்னு பதில் போட்டேன். அப்புறம்தான் உக்காந்து பாத்தேன். இவங்க எல்லாருமே மொதல்ல நீங்க வேணாம்னவங்க. போன்ல பேசினவங்க. இதுல எனக்கு உங்க குரல் கேக்குது, ஆத்தே.”

“என்கிட்ட ஏண்டா சொல்லல?”

“சொன்னேன். நீங்க ‘ம்ஹும்’னீங்க.”

வெர்னா ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை என்பதுதான் அவரைப் பயமுறுத்தியது. எல்லாமே அவருக்குப் பிடித்திருந்தது. தனக்குப் பிடித்ததைத் தானே போனில் சொல்லிச் சொல்லி, நாட்டின் நாலு மூலையிலிருந்தும் திரும்பி வரவழைத்துக்கொண்டு, அதைத் தேர்ந்தெடுத்ததாக இத்தனை வருஷம் நினைத்திருந்தார். வெளியே தெரியாத ஆட்களைத் தேடி எடுப்பதற்கென்று ஆரம்பித்த கடை. எடுத்தாயிற்று, ஆனால் வந்து சேர்ந்ததெல்லாம் அவரேதான். அன்று சாயங்காலமே மைதான ஓவியங்களை இணையப் பக்கத்திலிருந்து எடுக்கச் சொன்னார். வாடிக்கையாளர்களுக்கு அவரே எழுதினார். ஓவியரைக் கேட்காமல் காட்டியது தன் தப்பு, விற்பனைக்கு இல்லை, மன்னிக்க வேண்டும் என்று. டொரண்டோக்காரர் கொஞ்சம் காரமாகவே பதில் போட்டார். அதற்கு வெர்னா ஒன்றும் திருப்பி எழுதவில்லை.

நாலைந்து நாள் கழித்து லுண்டாருக்குப் போன் போயிற்று.

“நான் அங்க வரட்டுமா?”

“வந்து?”

“அந்த மாடுங்கள பாக்கணும்.”

“பாத்துட்டு ஒண்ணும் சொல்லக் கூடாது.”

“சொல்லல.”

“உங்களால முடியாது.”

“முடியாதுதான். பாக்கலாம்.”

மார்ச் கடைசி. வயல்களில் பனி இன்னும் முழங்கால் உயரம் கிடந்தது. ரோமெல்தான் வேன் ஓட்டினார். வெர்னா மடியில் உறைய வைத்த பெரோகி, உருளைக்கிழங்குப் பூரணம் வைத்த கொழுக்கட்டை, ஒரு டப்பா. வெர்னா மாதிரி ஒரு உக்ரேனியப் பெண்மணி வெறுங்கையோடு யார் வீட்டுக்கும் போக மாட்டார், சண்டை போடப் போனாலும். போனதும் நோரீன் காபி போட்டு, உலர்ந்த பிளம் பழக்கூழை அடுக்கடுக்காக வைத்துச் செய்த கேக்கை வெட்டி வைத்தாள். நோரீன் மாதிரி ஐஸ்லாந்து வம்சத்தவர் வீட்டில் அது இல்லாமல் விருந்து கிடையாது. இரண்டு பெண்களும் போனில் அவ்வளவு பேசியவர்கள். நேரில் பார்த்ததும் பக்கத்து வீட்டுக்குப் புதுசாகக் குடிவந்தவர்கள் மாதிரி கேக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். நோரீன் நல்ல உயரம். குரலை வைத்து வெர்னா ஒரு குள்ளமான பெண்ணைக் கற்பனை செய்திருந்தார்.

“கொட்டகையில குளிரும். கோட்டக் கழட்டாதீங்க” என்று எழுந்தாள் நோரீன். ரோமெல் வேனில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்கு மாட்டு வாசனை ஆகாது.

டிராக்டர் நிறுத்தும் பழைய கொட்டகை. சுவரோரமாகப் பத்துப் பதினைந்து பலகைகள் சாய்ந்திருந்தன, ஒவ்வொன்றும் கதவளவு. வேலிக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட், அண்ணன் வீட்டு ஜன்னலுக்கு வாங்கிய பெயிண்ட், எது கைக்குக் கிடைத்ததோ அது. எல்லாவற்றிலும் மாடுகள், எல்லாம் பின்பக்கம். பலகை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றன. மூச்சுவிட இடமில்லை. சில மாடுகள் ஓரத்தில் பாதியாக வெட்டுப்பட்டிருந்தன. முதுகுகளில் வெள்ளைப் பெயிண்டால் பனி, விரலால் அள்ளி அப்பின மாதிரி. வெர்னாவின் கண் பழக்கத்தில் ஓடியது. இடம் விடவில்லை, எடை இடதுபக்கம் சரிகிறது, அந்தப் பச்சைக்கு இங்கே என்ன வேலை. ‘ம்ஹும்’ தொண்டைவரை வந்தது. வந்ததே தவிர வெளியே வரவில்லை. பார்வையை எடுக்கவும் முடியவில்லை.

“இந்த எடது ஓரத்துல—” என்று ஆரம்பித்தார். நோரீன் புருவத்தைத் தூக்கினாள். வெர்னா வாயை மூடிக்கொண்டார்.

கொஞ்சம் கழித்துத்தான் ஒன்றைக் கவனித்தார். ஒரு பலகையில் எல்லா மாட்டின் முதுகிலும் பனி அப்படியே கிடக்கிறது. நடுவில் ஒன்றுக்கு மட்டும் இல்லை. அதன் முதுகு ஈரமாக, கருப்பாக, அம்மணமாக இருந்தது.

“இது மேல மட்டும் ஏன் பனி இல்ல?” என்று கேட்டார். ஓவியத்தைப் பற்றி நோரீனிடம் அவர் பதில் தெரியாமல் கேட்ட முதல் கேள்வி அது. இத்தனை நாளும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

“ஒடம்பு சூடு வெளிய வந்து உருகிடுச்சு. நல்லா இருக்கற மாடுன்னா சூடு உள்ளயே நிக்கும், பனி உருகாது. காலைல வந்து பின்னாடி நின்னு பாத்தாப் போதும், எந்த மாட்டுக்கு ஒடம்பு சரியில்லன்னு தெரிஞ்சுரும். மொகத்தப் பாத்தா தெரியாது. மொகம் தொட்டிக்குள்ள இருக்கும்.”

“அதுக்கு என்ன ஆச்சு?”

“அந்த வாரமே போயிருச்சு. அண்ணன் அழுதான். மாட்டுக்கு அழுதத வெளிய சொல்லாதேன்னான்.”

வெர்னா ஒரு காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். அந்தப் பலகைக்கு எதிரே. நோரீன் ஒரு மூட்டைமேல் சாய்ந்து நின்றாள். கொட்டகைத் தகரத்தில் காற்று அடித்தது. வெளியே ஒரு மாடு கத்தி ஓய்ந்தது. வெர்னா மூக்கை உறிஞ்சினார், குளிருக்கோ வேறெதற்கோ.

“எனக்கு இது நல்லா இருக்கா இல்லையான்னு தெரியல” என்றார் கடைசியில்.

“நெசமாவா?”

“நெசமாத்தான். சிரிக்காத.”

நோரீன் சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு, பலகையின் ஓரத்தில் ஒட்டியிருந்த வைக்கோல் துரும்பை எடுத்துப்போட்டாள். “அப்ப எடுத்துக்கங்க” என்றாள். “நல்லா இருக்குன்னு சொல்லியிருந்தா குடுத்திருக்க மாட்டேன்.”

“இந்த மாடுங்களப் பாத்து சிரிச்சேனே, போன வருஷம் போன்ல.”

“சிரிச்சீங்க. மூணு நாளு நான் கொட்டகைப் பக்கமே வரல.” குரலில் கோபம் இல்லை, நடந்ததைச் சொல்கிற குரல்தான். வெர்னா தலையை ஆட்டினார். மன்னிப்பு என்ற வார்த்தை அங்கே இரண்டு பேரில் யாருக்கும் வரவில்லை.

பின்னால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூன்று பலகைகள் ‘சைட் டோர்’ பக்கத்தில் ஏறின. வழக்கமாக ஒவ்வொரு ஓவியத்துக்கும் கீழே வெர்னா நாலு வரி எழுதுவார், ஏன் பிடித்தது என்று. இவற்றுக்கு அளவும் பெயிண்டின் பெயரும்தான் இருந்தன. ரெட் டீரில் ஒரு மாட்டு வைத்தியர் ஒன்றை வாங்கினார். இன்னொன்று மாண்ட்ரியலில் ஒரு வயசான தம்பதிக்குப் போயிற்று. லிஃப்டில் நுழையாமல் படிவழியாகத் தூக்கிப்போனதாக போட்டோ அனுப்பியிருந்தார்கள். மூன்றாவதை வாங்கின பெண்மணி, சாப்பாட்டு அறையில் மாட்டினது கணவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். வெர்னா சிரித்துக்கொண்டே அதை நோரீனுக்குச் சொன்னார், நோரீனும் சிரித்தாள். அது இப்போது லுண்டார் மைதானத்தில், டிக்கெட் கிழிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. கழிந்துபோனவர்களுக்கு வெர்னா இன்னும் போன் செய்கிறார். கண்ணு என்கிறார். பேச்சு முன்னைவிடக் குறைந்துவிட்டது. நடுவில் நீளமாக மௌனம் வருகிறது. எதிர்முனையில் இருப்பவர்கள் லைன் அறுந்துவிட்டதோ என்று “ஹலோ, ஹலோ” என்கிறார்கள்.

ஆனால் அந்த மூன்று பலகைகளைப் பொறுக்கியது வெர்னா இல்லை.

அன்றைக்குக் கொட்டகையில் நோரீன், “எது வேணுமோ நீங்களே எடுங்க” என்றபோது வெர்னா அசையவில்லை. வாசல் பக்கம் திரும்பி ரோமெலைக் கத்திக் கூப்பிட்டார். ரோமெல் மூக்கில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார்.

“நீ பொறுக்கு. மூணு.”

“நானா?”

“நீதான்.”

ரோமெல் பலகைகளைப் பார்க்கவில்லை. இத்தனை வருஷப் பழக்கம், முதலில் வெர்னாவின் முகத்தைத்தான் பார்த்தார், புருவம் ஏறுகிறதா, உதடு கோணுகிறதா என்று. வெர்னா எழுந்து, கவிழ்த்த வாளியை அந்தப் பக்கமாக நகர்த்திப் போட்டு, இரண்டு பேருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு தகரச் சுவரைப் பார்க்க உட்கார்ந்துகொண்டார்.